இறந்து மீண்டவர்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மந்திர ஆற்றலும் உறவுரிமையும்

முன்னுரை

மாயக் கதைகளில் மந்திர ஆற்றல் யாருக்கு வாய்க்கிறது என்னும் வினா, கதையியலார் நெடுங்காலமாக எண்ணிவரும் வினாக்களுள் ஒன்று. மதனகாமராசன் கதையில் வரும் அரசகுமாரன், கையிலிருந்த பொருளைக் கொடுத்துப் பூனைக்குட்டியையும் பாம்பையும் வாங்கிக் காக்கிறான். பாம்பின் குலத்தார் நன்றிக்கடனாக அளிக்கும் மோதிரமே அவனுக்கு மந்திரப்பொருளாகிறது. ருசிய நாட்டு அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில், மாயக் கதைத் தலைவனுக்கு மந்திரப்பொருளை வழங்குபவர் முதலில் அவனைச் சோதிக்கிறார் என்பதையும், அச்சோதனையில் அவன் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தே பொருள் கைமாறுகிறது என்பதையும் விளக்கினார். ஆக, கதையுலகில் ஆற்றல் வெறும் உடைமை அன்று. உறவு ஒன்றின் விளைவு.

கதைக்குரிய இவ்விதி, மந்திர ஆற்றலை மெய்யென நம்பி வாழ்ந்த சமூகத்திற்கும் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடைகாண அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொல்குடி வழக்குகள் பெரிதும் துணைபுரிகின்றன. இத்தீவுகளில் ஆற்றல் குலவழியாக மட்டும் இறங்கியதில்லை. தனித்திருந்து கற்றதனால் மட்டும் கைகூடியதுமில்லை. தன் கூட்டத்தைப் பிரிந்து இறந்தோர் உலகைத் தொட்டு, மீண்டும் தன் கூட்டத்தாரிடமே திரும்பி, அவர்களால் ஏற்கப்பட்டவருக்கே அது உரியதாயிற்று. பிரிதல், மீளல், ஏற்கப்படுதல் ஆகிய மூன்றும் கூடியவழியே ஆற்றல் பிறந்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகள்

அந்தமானியரைப் பற்றிய முதன்மைச் சான்றுகள் இரண்டு. போர்ட் பிளேயரில் பணியாற்றிய இ. எச். மேன் என்னும் ஆங்கில அதிகாரி தென் அந்தமான் மக்களின் வழக்கங்களைத் தொகுத்து 1880களின் தொடக்கத்தில் வெளியிட்டார். ஏ. ஆர். ராட்கிளிஃப் பிரௌன் 1906 முதல் 1908 வரை தீவுகளில் களப்பணி செய்து, 1922இல் தம் நூலை வெளியிட்டார். முன்னவர் நெடுங்காலம் உடனிருந்து மொழியறிந்து எழுதியவர். பின்னவர் குறுகிய காலம் தங்கிக் கோட்பாட்டு நோக்கில் எழுதியவர். இருவரும் ஆட்சியாளர் இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை இச்சான்றுகளைக் கையாள்வோர் மறத்தலாகாது.

நிக்கோபார் பற்றிய சான்றுகளுள் தமிழர் ஒருவரின் நாட்குறிப்பும் அடங்குவது குறிப்பிடத்தக்கது. வேதப்பன் சாலமோன் என்னும் கிறித்தவ உபதேசியார் 1890களில் கார் நிக்கோபார் தீவின் மூஸ் என்னும் ஊரில் தங்கி, அரசின் முகவராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில் அச்சாயின. ஜார்ஜ் ஒயிட்ஹெட் 1924இல் வெளியிட்ட நிக்கோபார் பற்றிய நூலும் இவ்வகையில் துணைநிற்கிறது.

இறந்தோரும் அயலோரும்

வட அந்தமான் மொழிகளில் இறந்தோரின் ஆவியைக் குறிக்கும் சொல் ‘லாவு’ என்பது. தென் அந்தமானில் அதற்கு இணையானது ‘சௌகா’. காட்டிலும் கடலிலும் உறையும் ஆவிகள் யாவும் ஒருகாலத்தில் மனிதராக வாழ்ந்து இறந்தோரே என்பது அம்மக்களின் பொதுநம்பிக்கை. நோயும் திடீர்ச் சாவும் அவ்வாவிகளால் நேர்வன. நெருப்பு, அம்பு, தேன்மெழுகு, செவ்வண்ணம், மனித எலும்பு ஆகியவை அவற்றை விலக்கும் காப்புகளாகக் கருதப்பட்டன.

இங்கு ஒரு சொல்வழக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தவர்களை வட அந்தமான் மக்கள் ‘லாவு’ என்ற சொல்லாலேயே சுட்டினர் என்று ராட்கிளிஃப் பிரௌன் பதிவு செய்துள்ளார். இறந்தவரும் அயலவரும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டமை தற்செயலன்று. தம் நெருப்பைச் சூழ்ந்து அமராதவர், தம் உணவைப் பகிராதவர், தம் உறவுமுறைக்குள் அடங்காதவர் என்ற அளவில் இருவரும் ஒருநிலையினர். எனவே அச்சமூகத்தில் மனிதர், ஆவி என்னும் பாகுபாடு உயிருள்ளமை, உயிரின்மை என்பவற்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டதன்று; உறவுள்ளமை, உறவின்மை என்பவற்றையும் அடிப்படையாகக் கொண்டது எனலாம். மந்திர ஆற்றல் பற்றிய அவர்தம் கருத்தை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

ஒகோ-ஜுமு

வட அந்தமானில் மந்திர ஆற்றல் உடையவர் ‘ஒகோ-ஜுமு’ எனப்பட்டார். கனவு காண்பவர் அல்லது கனவிலிருந்து பேசுபவர் என்பது அதன் பொருள். தென் அந்தமானில் மேன் பதிவு செய்த ‘ஒகோ-பையாத்’ என்பதும் கனவோடு தொடர்புடையதே. இந்நிலையை ஒருவர் அடைவதற்கு மூன்று வழிகளை ராட்கிளிஃப் பிரௌன் குறிப்பிடுகிறார். இறந்து மீண்டும் உயிர்பெறுதல் ஒன்று. நெடுநேரம் உணர்விழந்து கிடந்து பின் தெளிந்தவர்கள் இவ்வாறு கருதப்பட்டனர். காட்டில் தனித்துச் செல்லுகையில் ஆவிகளை எதிர்ப்பட்டு, அஞ்சாது நின்று, அவற்றின் நட்பைப் பெற்றுத் திரும்புதல் மற்றொன்று. கனவில் ஆவிகளோடு தொடர்பு கொள்ளுதல் மூன்றாவது.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் மனிதன் தன் கூட்டத்தை விட்டு நீங்குகிறான், இறந்தோரின் கூட்டத்தோடு உறவு கொள்கிறான், பின்னர்த் திரும்புகிறான். ஆவிகளைக் கண்டு அஞ்சியவனை அவை கொன்றுவிடும் என்பது நம்பிக்கை. ஆவிகளோடு நட்புக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன் இறந்தவனாகிறான். அவனும் லாவு ஆகிறான். இருபுறமும் உறவுடையவன் ஒருவனே ஒகோ-ஜுமு. காட்டுக்குச் சென்றவர் பலர், மீண்டவர் சிலர், அம்மீட்சியே ஆற்றலின் சான்று.

மீட்சி மட்டும் போதுமா என்றால் போதாது. தென் அந்தமானில் ஓர் இளைஞன் அரிய கனவு ஒன்றைக் கண்டதாக அறிவிப்பான். பின்னர் எதிர்பாராது நேரும் சாவோ விபத்தோ அக்கனவை உறுதிப்படுத்தியதாக மற்றவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே அவன் சிறப்புடையவனாக மதிக்கப்பட்டான் என்பது மேன் தரும் செய்தி. கனவு தனிமனிதனுடையது, அதற்குப் பொருள் தருவது கூட்டம். கனவு கண்டவன் எத்துணை உறுதியாக உரைப்பினும், கேட்போர் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றோடு அதனைப் பொருத்திக் காணாதவரை அது வெறும் கனவே.

ஒகோ-ஜுமு நோய் தீர்ப்பவர்; புயலைத் தடுப்பவர்; மூதாதையர் கதைகளை உரைப்பவரும் அவரே. ஒவ்வொருவரும் தமக்கெனச் சிறு வேறுபாடுகளுடன் கதைகளைச் சொன்னமையால் ஒரே கதைக்குப் பல வடிவங்கள் வழங்கின என்பதை ராட்கிளிஃப் பிரௌன் சுட்டிக்காட்டுகிறார். மந்திரமும் கதையும் ஒருவரிடமே அமைந்திருந்தமை இக்கட்டுரையின் தொடக்க வினாவோடு நேரடித் தொடர்புடையது. மாயக் கதையின் தலைவன் அங்கே ஊருக்கு வெளியே இருந்தவன் அல்லன். கதை சொன்னவனே ஒருவகையில் அத்தலைவன்.

எலும்பும் உறவும்

மேற்கண்ட அமைப்பு இறுதிச் சடங்குகளிலும் காணப்படுகிறது. ஒருவர் இறந்தவுடன் அவ்வூரை விட்டு அனைவரும் நீங்கினர். உறவினர் உடலில் களிமண் பூசித் துக்கம் காத்தனர். இறந்தவரின் பெயரைச் சொல்லாது தவிர்த்தனர். புதிதாக இறந்தவரின் ஆவி அச்சத்துக்குரியதாக இருந்தது. சில திங்கள் கழித்து எலும்புகளைத் தோண்டியெடுத்து, கழுவி, வண்ணம் பூசி, உறவினரிடையே பகிர்ந்தனர். மண்டையோட்டையும் தாடையெலும்பையும் நெருங்கிய உறவினர் கழுத்தில் அணிந்தனர். சிற்றெலும்புகள் மாலையாகக் கோக்கப்பட்டு உற்றாருக்கும் நண்பருக்கும் கொடையாகச் சென்றன. தலைவலியோ உடல்வலியோ நேர்ந்தால் அம்மாலையை வலித்த இடத்தில் கட்டுவது வழக்கம். துக்கத்தின் முடிவில் அனைவரும் கூடி ஆடினர்.

அஞ்சத்தக்க ஆவியாகப் பிரிந்த ஒருவர், சடங்கின் வழியாகக் காக்கும் எலும்பாகத் திரும்பி வருகிறார் என்பதே இதன் உட்பொருள். மருந்தாகப் பயன்பட்ட எலும்பு தாயுடையதோ கணவனுடையதோ உடன்பிறந்தாருடையதோ ஆகும். ஒகோ-ஜுமு உயிரோடு பிரிந்து மீண்டவர். எலும்பு இறந்து மீண்டது. இரண்டிலும் ஆற்றலைத் தந்தது, அறுந்த உறவு மறுபடியும் முடிச்சிடப்பட்டமையே.

கார் நிக்கோபாரில் மஃபாய்

நிக்கோபாரியர் மொழியாலும் இனத்தாலும் அந்தமானியரின் வேறானவர்; ஆஸ்திரோ-ஆசிய மொழி பேசுவோர்; தோட்டப்பயிரும் பன்றி வளர்ப்பும் உடையோர். கார் நிக்கோபாரில் ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பமே நிலத்திற்கும் தென்னைக்கும் பன்றிக்கும் உரிமையுடைய அலகு. இவ்வாறு வாழ்க்கைமுறை முற்றிலும் வேறுபட்டபோதிலும், ஆற்றல் பெறும் முறையில் இவ்விரு சமூகங்களும் ஒத்திருக்கக் காணலாம்.

கார் நிக்கோபாரில் மந்திர மருத்துவர் ‘டமிலுவானா’ எனப்பட்டார்; நடு நிக்கோபார்த் தீவுகளில் ‘மென்லுவானா’ எனப்பட்டார். டமிலுவானா ஆகும் பாதையில் நிற்பவர் ‘மஃபாய்’. நோயுற்று, ஆவிகளின் அழைப்பைக் கனவிலோ மயக்கத்திலோ உணர்ந்தவர் மஃபாயாக அறிவிக்கப்பட்டார். அவரை இலைகளாலும் வெள்ளியணிகளாலும் அழகுபடுத்தி, நாற்காலியில் அமர்த்தி, ஊர் ஊராகச் சுமந்து சென்றனர். இளைஞர் அவரைச் சூழ்ந்து பாடி ஆடினர். பின்னர் மூத்த டமிலுவானாக்களிடம் பயிற்சி பெற்று அந்நிலைக்கு உயர்ந்தவரும் உண்டு. நோய் நீங்கியபின் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பியவரும் உண்டு.

இச்சடங்கில் நோயாளியைத் தனிமைப்படுத்துவதற்கு மாறாக ஊரார் தோளில் தூக்கிச் செல்வது கவனிக்கத்தக்கது. நோய் ஒருவரைத் தம் வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் பிரிக்கிறது. ஆவிகள் உரிமை கொண்டாடும் அவரை, மக்கள் தம்மவர் என ஊர்தோறும் எடுத்துச்சென்று காட்டுகின்றனர். அண்டை ஊர்களும் அவரை வரவேற்கும்போது அவருடைய உறவுவட்டம் முன்னினும் விரிவடைகிறது. நோயால் சுருங்கிய ஒருவரைச் சடங்கு பெரிதாக்கித் திருப்பித் தந்தது எனலாம்.

ஊர் ஏற்காத ஆற்றல்

இதன் மறுபக்கம் கொடியது. ஒருவருக்கு ஆற்றல் உண்டென்று ஊர் நம்பி, ஆனால் அவரைத் தம்மவராக ஏற்க மறுத்தால் அவர் தீய ஆவி பற்றியவராகக் கருதப்பட்டார். அவரால் சாவுகள் நேர்கின்றன என்ற முடிவுக்கு ஊரார் வந்தபின் அவர் கொல்லப்படுவது கார் நிக்கோபாரில் வழக்கமாயிருந்தது. ஆங்கில ஆவணங்கள் இதனைப் ‘பேய்க்கொலை’ என்னும் பொருள்படக் குறிக்கின்றன. தீவுகளின் தலைமை ஆணையராயிருந்த ரிச்சர்ட் டெம்பிள் தயாரித்த 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அறிக்கை இக்கொலைகளை விரித்துரைக்கிறது. இவை தனிப்பகையால் நிகழ்ந்தவை அல்ல, ஊரின் நலன் கருதிய தண்டனை என்றே செய்தவர்கள் கருதினர் என்பது அவ்வறிக்கையின் கருத்து.

மஃபாயும் கொலையுண்டவரும் ஆவியோடு தொடர்புடையோர் என்றே கருதப்பட்டனர். ஒருவரை ஊர் தோளில் சுமந்தது. மற்றவரை ஊர் கொன்றது. வேறுபாடு ஆற்றலின் தன்மையில் இல்லை, உறவில் இருந்தது. இறந்து மீளும் மருத்துவரைப் போற்றும் அதே நம்பிக்கை, உறவு தளர்ந்தவரைப் பலியாக்கியது என்பதை மறைத்து இம்மரபைப் புகழ்வது வரலாற்று நேர்மையாகாது. உறவுரிமை ஆற்றலைத் தருவது. அதுவே உயிரைப் பறிக்கவும் வல்லது.

தர்க்கைமின் கருத்தும் தமிழ் மரபும்

பிரெஞ்சுச் சமூகவியலார் எமில் தர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் சமயத்தையும் மந்திரத்தையும் வேறுபடுத்தினார். சமயம் தன்னைப் பின்பற்றுவோரை ஓர் அறக்குழுவாக இணைக்கிறது. மந்திரவாதியை நாடி வருவோர் ஒருவரோடொருவர் இணைவதில்லை என்பது அவர் துணிபு. தர்க்கைமைப் பின்பற்றிய ராட்கிளிஃப் பிரௌனின் தரவுகளே இப்பாகுபாட்டை ஐயுறச் செய்கின்றன. ஒகோ-ஜுமுவும் மஃபாயும் தனிமனிதரின் வேண்டுகோளுக்கு விலைபேசிச் செயற்படும் தொழிலர் அல்லர். அவர்களை ஆக்கியதும் கூட்டம். அவர்கள் காத்ததும் கூட்டம். மார்செல் மோஸும் ஆன்ரி உபேரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மந்திரக் கோட்பாட்டில், மந்திரவாதியின் ஆற்றலுக்குச் சமூகத்தின் நம்பிக்கையே அடித்தளம் என்றனர். தீவுச் சான்றுகளுக்கு இக்கருத்தே மிகவும் நெருங்கியது. எனினும் நம்பிக்கை மட்டுமன்றி உறவுமுறையும் அவ்வடித்தளத்தில் அடங்கும் என்பதை இச்சான்றுகள் கூடுதலாக உணர்த்துகின்றன.

தமிழ் மரபிலும் இதற்கு ஒப்புமை உண்டு. சிலப்பதிகார வேட்டுவ வரியில் தெய்வமேறி ஆடும் சாலினி வெளியிலிருந்து வந்தவள் அல்லள். வேட்டுவக் குடியில் பிறந்தவள். தெய்வத்திற்குரிய கடனை அக்குடி செலுத்தத் தவறியதை அவள் வாயாலேயே தெய்வம் கேட்கிறது. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் நடுகல் நிலைகள், போரில் இறந்த மறவனை ஊர் படிப்படியாகத் தன்னிடம் மீட்டுக்கொள்ளும் முறையைக் காட்டுவன. இறந்தவன் அச்சத்துக்குரியவனாக வெளியே நில்லாமல், கல்லாகி ஊரின் எல்லையில் நின்று காக்கிறான். அந்தமானியர் எலும்பைக் கழுவி வண்ணம் பூசிக் கழுத்தில் அணிந்ததும், தமிழர் கல்லை நீராட்டிப் பெயர் பொறித்து நட்டதும் வேறு வேறு பண்பாடுகளின் செயல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று கொள்வதற்குச் சான்றில்லை. அவ்வாறு கொள்ளவும் வேண்டா. இறந்தோரை உறவாக மீட்டால்தான் அவர்தம் ஆற்றல் காப்பாகும் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

ஆற்றல் மறைந்த வரலாறு

ஆற்றல் உறவின் விளைவு என்பது மெய்யானால், உறவுகள் அழியும்போது ஆற்றலும் அழிதல் வேண்டும். அந்தமான் வரலாறு இதனைத் துயரத்தோடு மெய்ப்பிக்கிறது. 1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1877இல் பரவிய தட்டம்மையும், மேகநோயும், பிற தொற்றுகளும் பெரிய அந்தமானியரின் பத்துக் குழுக்களையும் சிதைத்தன. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவர்கள் 625 பேர். 1961இல் 19 பேர் மட்டுமே. ராட்கிளிஃப் பிரௌன் சென்ற காலத்திலேயே பெயர்பெற்ற ஒகோ-ஜுமுக்கள் அரிதாகிவிட்டனர்.

இம்மறைவை மேலைமருத்துவத்தின் வெற்றி என்று மட்டும் விளக்குவது முழுமையாகாது. கனவைக் கேட்டுப் பொருத்திப்பார்க்க ஊர் வேண்டும். எலும்பைப் பகிர்ந்துகொள்ள உறவினர் வேண்டும். காட்டிலிருந்து மீள்பவன் வந்து அமர நெருப்பு வேண்டும். இவை இல்லாதவிடத்து ஒருவன் எத்தனை முறை இறந்து மீண்டாலும் அவனை ஒகோ-ஜுமு என அழைக்க ஆளில்லை. நம்பிக்கை தேய்வதற்கு முன்பே நம்புவோர் தேய்ந்தனர்.

கார் நிக்கோபாரின் போக்கு வேறானது. சாலமோனின் மாணவராகிய ஜான் ரிச்சர்ட்சன் மூஸ் ஊரில் பிறந்தவர். பர்மாவில் கல்வி கற்றுத் திரும்பியவர். பிற்காலத்தில் பேராயராகவும், 1952இல் அமைந்த முதல் மக்களவையின் உறுப்பினராகவும் விளங்கினார். அவர் காலத்தில் அத்தீவின் பெரும்பான்மையோர் கிறித்தவராயினர். டமிலுவானாவின் இடம் சுருங்கியது. ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று, புதிய ஆற்றலாகிய எழுத்தறிவோடு மீண்டு, தம் மக்களால் ஏற்கப்பட்டவர் ரிச்சர்ட்சன் என்பதை நோக்கினால், பழைய அமைப்பு புதிய உள்ளடக்கத்தோடு தொடர்ந்தது என்று கருத இடமுண்டு. துஹெத் அழியாதிருந்தமையே அதற்குக் காரணம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த குடியிருப்புகள் தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டு அமைந்தபோது, துஹெத்தின் நிலைபேறு பற்றிக் கவலை எழுந்ததும் இதனாலேயே பொருளுடையதாகிறது.

பெரிய அந்தமானிய மொழிகளை ஆய்ந்த மொழியியலார் அன்விதா அப்பி பதிவு செய்த செய்தி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். தம் மொழியில் உரையாட ஒருவரும் இல்லாத நிலையில் அவர் பறவைகளோடு பேசிவந்தார். பறவைகள் மூதாதையர் என்பது அம்மக்களின் தொன்மம். பழைய நாளாயின் இறந்தோரோடு பேசவல்லவர் என்று அவரை ஊர் போற்றியிருக்கக்கூடும். ஆனால் அவர் கேட்டுவந்த மறுமொழியை அம்மொழியிலேயே அறிந்துகொள்ள ஊரில் எவரும் இருக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. அந்தமானிலும் கார் நிக்கோபாரிலும் மந்திர ஆற்றல் தனிமனிதரின் உடைமையாகக் கருதப்படவில்லை. இருப்போரோடும் இறந்தோரோடும் ஒருங்கே உறவுடைய நிலையாகக் கருதப்பட்டது. அந்நிலையை உறுதிசெய்தது ஊரின் ஏற்பு. ஏற்பு மறுக்கப்பட்டவழி அதே ஆற்றல் குற்றமாயிற்று. ஊர் அழிந்தவழி ஆற்றலும் பொருளிழந்தது.

தொல்குடி மக்களின் மந்திரக் கதைகளைத் தொகுப்போர் பெரும்பாலும் கதையை மட்டும் காக்க முயல்கின்றனர். கதைத் தலைவனுக்கு மோதிரம் தந்தது அவன் பேணிய உறவே என்பதைக் கதைகளே உரைக்கின்றன. கேட்போர் வாழும் நிலமும் அவர்தம் கூட்டுவாழ்வும் காக்கப்படாதவிடத்து, ஏட்டில் காக்கப்படும் கதை ஆற்றலற்ற எழுத்தாகவே எஞ்சும் என்பதைத் தீவுகளின் வரலாறு உணர்த்துகிறது.